தேய்மானத்தின் பங்கீடு

சுமையைச் சமமாகப் பகிர்வது எப்போது நீதியாகிறது, எப்போது ஒரு குறையை மூடிமறைக்கும் வழியாகிவிடுகிறது என்னும் கேள்வி அறவியலில் மிகப் பழமையானது. மனிதர் நடுவே அதை ஆராயும்போது தகுதி, பிறப்பு, விருப்பு வெறுப்பு எல்லாம் குறுக்கே வந்து நிற்கின்றன. ஒரு காரின் நான்கு டயர்களை முன்வைத்து அதே கேள்வியைக் கேட்டால் இவை எல்லாம் விலகி, கேள்வி தன் இயல்பான வடிவில் நிற்கிறது. இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை, அதாவது எஞ்சினின் விசையை முன்சக்கரங்களுக்கு மட்டும் அனுப்பும் அமைப்புடையவை. இத்தகைய வண்டியில் எஞ்சினின் எடையைத் தாங்குவதும், வண்டியை இழுப்பதும், வளைவில் திருப்புவதும், பிரேக் மிதிக்கும்போது முன்னோக்கிச் சாயும் பாரத்தை ஏற்பதும் முன் டயர்களின் பொறுப்பாக இருக்க, பின் டயர்கள் பெரும்பாலும் கூடவே உருண்டு வருகின்றன. ஆகவே ஒரே நாளில் வாங்கிப் பூட்டிய நான்கில் முன்னிரண்டு முந்தித் தேய்கின்றன. ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவே, புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் கொண்டிருந்த பள்ளங்கள் முன்னால் விரைவாகவும் பின்னால் மெதுவாகவும் ஆழம் இழக்கின்றன.

இதற்கு வழக்கத்தில் உள்ள பரிகாரம் டயர் ரொட்டேஷன், அதாவது 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிப் பூட்டுவது. முன்சக்கர இயக்க வண்டியில் முன் டயர்கள் தத்தம் பக்கத்திலேயே நேராகப் பின்னுக்குப் போக, பின் டயர்கள் பக்கம் மாறி முன்னுக்கு வரும். ஒரே திசையில் உருளுவதற்கென்று வார்த்து, பக்கச் சுவரில் அம்புக்குறி பொறித்த டயர்களாயின் முன்பின்னாக மட்டுமே மாற்றலாம். முன்னும் பின்னும் வெவ்வேறு அளவு டயர் கொண்ட வண்டியில் அதற்கும் இடமில்லை. இந்த இடமாற்றம் ரப்பரை உண்டாக்குவதில்லை என்பதைத் தெளிவாக மனத்தில் கொள்ள வேண்டும். நான்கும் சேர்ந்து சாலைக்குக் கொடுக்கும் ரப்பரின் மொத்த அளவு பெரிதாகக் குறைந்துவிடாது. அந்த இழப்பு நான்குக்கும் ஏறக்குறைய ஒத்த அளவில் பிரிந்து, நான்கும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஓய்வு பெறுகின்றன.

அப்படியானால் இந்தச் சமத்துவத்தின் நியாயம் என்ன? அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் 5ஆம் நூலில் நீதியை இரண்டாகப் பிரிக்கிறார்: பொதுவில் கிடைப்பதை உரியவர்களுக்கு உரிய விகிதத்தில் வகுத்தளிப்பது பங்கீட்டு நீதி, ஒருவர் மற்றவருக்கு இழைத்த தீங்கை அளந்து சரிசெய்வது திருத்த நீதி. தம் அரசியல் நூலிலோ, குடிமக்கள் இயல்பில் சமமானவர்களாக இருக்கும் இடத்தில் ஆளுவதையும் ஆளப்படுவதையும் முறைவைத்து மாற்றிக்கொள்வதே நியாயம் என்கிறார். முன் டயருக்கும் பின் டயருக்கும் வார்ப்பில் வேறுபாடு இல்லை, கூடுதல் தேய்மானம் இருக்கும் இடத்தால் வந்தது என்பதால், இந்த முறைமாற்றக் கருத்து இங்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு வேலை கடினமானது, ஆனால் யாராவது செய்தே ஆகவேண்டியது என்ற நிலையில், அதைச் சமமானவர்கள் முறைவைத்துச் செய்வதைவிட நேர்மையான ஏற்பாடு காண்பது அரிது.

ஆயினும் எல்லாத் தேய்மானமும் வேலையால் வருவதில்லை, கேள்வி கடினமாவதும் இங்குதான். கழற்றிய டயரைத் தரையில் நிறுத்தி, உள்ளங்கையை அதன் மேற்பரப்பில் குறுக்காகத் தடவிப் பார்த்தால், சில டயர்களில் ஒரு திசையில் கை வழுக்கிச் செல்லும், எதிர்த் திசையில் ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கூராக விரலில் தட்டும். சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நில்லாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியபடி ஓடியிருக்கின்றன என்பதற்கு அது அடையாளம். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரம் செங்குத்திலிருந்து அளவுக்கு மீறிச் சாய்ந்திருக்கக் கூடும். இரு விளிம்புகளும் தேய்ந்து நடுப்பகுதி தப்பியிருந்தால் காற்று குறைவு, நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று மிகை, ஆங்காங்கே குழி விழுந்திருந்தால் அதிர்வைத் தணிக்கும் ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். இவற்றுள் எதுவும் சுமக்க வேண்டிய சுமையன்று. இவற்றைப் பார்க்காமல் டயரை இடம் மாற்றினால், கோணம் பிசகிய அதே மூலைக்கு ஒரு நல்ல டயர் வந்து அதுவும் கெடும். நான்கும் சிறிது சிறிதாகக் கெடுவதால் எதுவும் பளிச்சென்று கண்ணில் படாமல் பிசகு நீடிக்கும். அங்கே தேவைப்படுவது வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்களின் கோணங்களை அளந்து நேராக்கும் திருத்தம். அரிஸ்டாட்டிலின் வகைப்பாட்டில் அது இரண்டாம் நீதியின் வேலை. திருத்தம் வேண்டிய இடத்தில் பங்கீட்டைச் செய்துவிட்டு அதைச் சமத்துவம் என்று அழைப்பது, அலுவலகங்களிலும் குடும்பங்களிலும் நாள்தோறும் நடக்கும் தவறு. தாங்க முடியாத ஒரு வேலையிடத்துக்கு ஆட்களைச் சுழற்சி முறையில் அனுப்புகிறவர், அந்த இடம் ஏன் தாங்க முடியாததாக இருக்கிறது என்று கேட்கும் பொறுப்பிலிருந்து தப்பித்துக்கொள்கிறார்.

பங்கீட்டுக்கு உரிய தேய்மானத்திலும் காலம் ஒரு நிபந்தனையாகிறது. ஈரச் சாலையில் பள்ளங்கள் நீரை வெளியேற்றத் தவறினால் டயர் நீர்ப்படலத்தின் மீது மிதந்து பிடிப்பை இழக்கும்; இதற்கு ஹைட்ரோபிளேனிங் என்று பெயர். முன்சக்கரம் பிடிப்பை இழந்தால் வண்டி திரும்ப மறுத்து நேரே செல்லும், வேகத்தைக் குறைத்து மீள ஓரளவு வாய்ப்புண்டு. பின்சக்கரம் இழந்தாலோ வண்டி சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை அடக்க முடியாது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், வண்டி முன்சக்கர இயக்கமாக இருந்தாலும், அவற்றைப் பின்னால் பூட்டச் சொல்வது இதனால்தான். அப்படியிருக்க, நெடுங்காலம் கவனியாமல் விட்டு, முன் டயர்கள் மொட்டையாகும் நிலையை நெருங்கிய பிறகு அவற்றைப் பின்னுக்கு மாற்றுவது, சமத்துவத்தின் பெயரால் ஆபத்தை அது மிகக் கொடியதாக இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதாகும். ஏற்றத்தாழ்வு சிறிதாக இருக்கும்போதே முறைமாற்றம் தொடங்க வேண்டும். அது முற்றிய பின் டயரை மாற்றுவதைத் தவிர வேறு நேர்மையான வழி இல்லை. இந்திய மோட்டார் வாகன விதிகள் காருக்குக் குறைந்தபட்சமாக வகுத்துள்ள 1.6 மில்லிமீட்டர் ஆழத்தை, பள்ளங்களின் அடியில் குறுக்காக வார்த்துள்ள சிறு மேடுகள் காட்டிக்கொடுக்கின்றன.

இதுவரை நீதி நான்கு டயர்களுக்கும் அவற்றில் பயணம் செய்பவர்களுக்கும் நடுவே மட்டும் பேசப்பட்டது. தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது என்று கேட்டால் வட்டம் விரிகிறது. ஓசோன் பட்டு ரப்பர் விரிசல் விடாமல் இருப்பதற்காக டயரில் 6பிபிடி என்னும் வேதிப்பொருள் சேர்க்கப்படுகிறது. அது ஓசோனுடன் வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் என்னும் வேறொரு பொருளாகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், முட்டையிடுவதற்காகக் கடலிலிருந்து நகர ஓடைகளுக்குத் திரும்பும் கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்ததற்கு, சாலை நீரோடு வந்த இந்தப் பொருளே காரணம் என்பதை 2020இல் சயன்ஸ் இதழில் வெளியான ஆய்வு நிறுவியது. ரொட்டேஷன் மீனுக்கு எதையும் செய்வதில்லை. அரிஸ்டாட்டிலின் பங்கீடு ஒரே நகரத்தைச் சேர்ந்தவர்களுக்கு நடுவே நடப்பது, மீன் அந்தப் பந்தியில் அமரவே இல்லை.

இந்த இடத்தில் சமண அறவியல் அதிகத் துணை தருகிறது. இல்லறத்தாரால் பிற உயிர்களுக்கு நேரும் தீங்குகளைச் சமணம், வேண்டுமென்றே செய்பவை என்றும், சமைத்தல், உழுதல், தொழில் செய்தல் போன்ற வாழ்க்கைக் காரியங்களில் தவிர்க்க முடியாமல் நேர்பவை என்றும் பிரித்து, முன்னதை அறவே விலக்கவும் பின்னதை இயன்றவரை சுருக்கவும் சொல்கிறது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது, உயிருக்கு ஊறு நேர்வதோடு விழிப்பற்ற செயலையும் சேர்த்தே கூறுகிறது; திருக்குறள் 54ஆம் அதிகாரம் கண்டிக்கும் பொச்சாப்பு, அதாவது கடமையை மறந்திருக்கும் சோர்வு, இதற்கு மிக நெருங்கியது. டயர் தேயாமல் வண்டி ஓடாது, ஏனெனில் சாலையைப் பற்றும் உராய்வே அதைத் தேய்க்கிறது. அந்த அளவு தேய்மானம் தவிர்க்க முடியாத வகையைச் சேர்ந்தது. மாதக்கணக்கில் காற்று பார்க்காமல் ஓட்டியதாலும், சக்கரக் கோணம் பிசகியது தெரிந்தும் தள்ளிப்போட்டதாலும், சிக்னல் விழுந்ததும் சீறிப் பாய்ந்து அடுத்த சிக்னலில் பிரேக்கை மிதித்ததாலும் கூடுதலாக உதிர்ந்த ரப்பரை அந்தக் கணக்கில் எழுத முடியாது. டயர் உதிர்க்கும் அளவுக்கே வரம்பு விதிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் யூரோ 7 ஒழுங்குமுறை 2024இல் ஏற்கப்பட்டிருப்பதால், இந்தப் பொறுப்பில் ஒரு பகுதி இனி தயாரிப்பாளரையும் சேரும். காற்றழுத்தத்தைப் பார்க்கும் பகுதி வண்டியின் உரிமையாளரிடமே இருக்கிறது.