நிலையான வேலை எது?

கோயம்புத்தூருக்குத் தென்மேற்கே, பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், சித்தூர் வட்டத்தைச் சேர்ந்த சிற்றூர் வேலந்தாவளம். ‘தாவளம்’ என்ற தமிழ்ச் சொல்லுக்குத் தங்குமிடம் என்பது பொருள். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் இவ்வூரில் சரக்கு லாரிகள் பல ஆண்டுகள் நின்று நின்றே சென்றன. இங்கிருந்த வணிகவரிச் சோதனைச்சாவடியே அதற்குக் காரணம். 2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. அதைத் தொடர்ந்து, வணிகவரிக்காக லாரிகளை எல்லையில் நிறுத்தும் முறை முடிவுக்கு வந்தது. என்றென்றும் இருக்கும் என்று தோன்றிய ஓர் ஏற்பாடு, ஒரு சட்டம் மாறியதும் மறைந்துபோயிற்று.

நிலையானது என்று எதைச் சொல்கிறோம்? வேதாந்த நூல்கள் சாதகனுக்கு முதலில் வேண்டிய தகுதியாக ‘நித்ய அநித்ய விவேகம்’ என்பதைக் கூறுகின்றன. நிலையானது எது, நிலையற்றது எது என்று பகுத்தறியும் ஆற்றல் அது. குகையில் அமர்ந்திருக்கும் துறவிக்கு மட்டும் இந்த விவேகம் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் இல்லறத்தாருக்கும் ஒரு நாள் இது தேவைப்படுகிறது.

அத்தகைய இல்லறத்தார் ஒருவரை இந்த எல்லையூரில் வைத்து எண்ணிப் பார்க்கலாம். அவர் முன்பு இரண்டு உதவியாளர்களுடன் கோவையிலுள்ள கடைகளிலும் மருத்துவமனைகளிலும் ஜன்னல் கண்ணாடி துடைக்கும் தொழிலை நடத்திவந்தவர். 2020 மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு. கடைகள் மூடின, மாநில எல்லை அடைபட்டது, தொழிலும் நின்றது. பின்னர் ஒரு மில்லில் மேற்பார்வையாளர் வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, வாரம் ஒரு நாள் விடுமுறை. ஆயினும் இப்போது அவர் மனம் பழைய தொழிலை நாடுகிறது.

“கையில இருக்கிற சோத்தைத் தட்டி விட்டுறாதே கண்ணு” என்கிறார் தாயார். “சூப்பர்வைசர் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் ஜன்னல் துடைக்கப் போகிறாயா?” என்று நண்பர் சிரிக்கிறார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தை மனத்துக்குள் கூட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இம்மூவருள் எவர் சொல்வதும் பொய்யன்று. அப்படியானால் அவர் என்ன செய்வது?

விடுவதும் தப்பி ஓடுவதும்

குருக்ஷேத்திரத்தில் அர்ஜுனனும் தன் வேலையை விட்டுவிடத்தான் விரும்பினான். அதற்கு அவன் கூறிய காரணங்கள் உயர்ந்தவையாகவே தோன்றின. ஆனால் பகவான் ஸ்ரீகிருஷ்ணர் அந்தக் காரணங்களைக் கடந்து, அவற்றின் பின்னால் இருந்த மனக்கலக்கத்தைப் பார்த்தார். கீதையின் 18-ஆம் அத்தியாயம் தியாகத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது. உடலுக்கு வரும் சிரமத்தை அஞ்சிக் கடமையைக் கைவிடுவது ராஜஸ தியாகம். அதனால் தியாகத்தின் பலன் கிட்டுவதில்லை என்பது அங்கே கூறப்படும் கருத்து.

நம் இல்லறத்தார் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இதுவே: “நான் ஒன்றை நோக்கிச் செல்கிறேனா, ஒன்றிலிருந்து ஓடுகிறேனா?” மில் அதிகாரியின் கடுஞ்சொல் பொறுக்காமல் வெளியேறினால், நாளை வாடிக்கையாளரின் கடுஞ்சொல்லை எவ்வாறு பொறுப்பார்? வேலையில் ஒரு முதலாளிதான். சொந்தத் தொழிலிலோ ஜன்னல் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் முதலாளி. பணம் தருவதைத் தள்ளிப்போடுவோர் உண்டு. மழைக்காலத்தில் வேலை குறைவதும் உண்டு. நெருப்பைப் புகை சூழ்ந்திருப்பதுபோல எல்லாச் செயல்களையும் ஏதேனும் ஒரு குறை சூழ்ந்தே இருக்கிறது என்று அதே அத்தியாயம் நினைவூட்டுகிறது. புகையில்லாத அடுப்பைத் தேடி ஓடுபவர் கடைசிவரை சமைக்க மாட்டார்.

கை பழகிய தொழில், இயல்புக்கு ஏற்ற உழைப்பு, பிறருக்குப் பயன், குடும்பக் கடமை ஆகியவை ஓரிடத்தில் கூடுமானால் அங்கே ஸ்வதர்மத்தின் குரல் கேட்கிறது எனலாம். மனத்துக்குப் பிடித்தது என்பது ஒன்றே ஸ்வதர்மம் ஆகிவிடாது.

முன்னேற்பாடும் தர்மமே

“கடவுள் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி முன்பின் பாராமல் இறங்குவது பக்தி ஆகாது. அது சோம்பலுக்குப் போர்த்திய காவித்துணி. திருவள்ளுவர் ‘தெரிந்து செயல்வகை’ என்று ஓர் அதிகாரமே அமைத்து, செலவையும் வரவையும் எடைபோட்டபின் செயலில் இறங்குமாறு அறிவுறுத்துகிறார். ஆதாய ஆசையால் முதலையே இழக்கும் முயற்சியையும் அவர் விலக்குகிறார். ஆகவே மனைவி மனத்துக்குள் போடும் கூட்டல் கணக்கை அவநம்பிக்கை என்று ஒதுக்கக் கூடாது. அதுவும் தர்மத்தின் குரல்தான்.

துப்புரவோடு தொடர்புடைய ஒரு தொழிலின் வரலாறு இங்கே பயன்படும். குஜராத் அரசின் சுரங்க, நிலவியல் துறையில் பணியாற்றிய கர்சன்பாய் படேல் 1969-இல் தம் வீட்டின் பின்புறத்தில் சலவைத்தூள் தயாரிக்கத் தொடங்கினார். மகளின் நினைவாக அதற்கு ‘நிர்மா’ என்று பெயரிட்டார். சைக்கிளில் வீடு வீடாகச் சென்று கிலோ 3 ரூபாய்க்கு விற்றார். அரசு வேலையை அவர் முதல் நாளே விட்டுவிடவில்லை. வேலை நேரம் போக எஞ்சிய பொழுதில் உழைத்து, தொழில் காலூன்றிய பிறகே, சுமார் மூன்று ஆண்டுகள் கழித்து, வேலையிலிருந்து விலகினார்.

நம் இல்லறத்தாருக்கும் இவ்வழி திறந்தே இருக்கிறது. விடுமுறை நாளில் பழைய வாடிக்கையாளர் நால்வரைக் கண்டு பேசலாம். சில மாதக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தனியே எடுத்துவைக்கலாம். மனைவியின் நகையை அடகு வைக்காமல் வாங்கக்கூடிய கருவிகளோடு தொடங்கலாம். மில் நிர்வாகத்துக்கு முறைப்படி முன்னறிவிப்புத் தந்து, ஒப்புக்கொண்ட பொறுப்பை முடித்துக் கொடுத்துவிட்டு விலகலாம். நன்றாக வெளியேறுபவரே நன்றாக உள்ளே நுழைகிறார்.

மீண்டும் தொடங்குதல்

ஒருமுறை நின்றுபோன தொழிலுக்குத் திரும்புவதில் ஒரு கூச்சம் இருக்கிறது. “முதலில் முடியாதது இப்போது முடியுமா?” என்று ஊர் கேட்கும். கோவை மண்ணிலேயே இதற்கு ஒரு விடை உண்டு. கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு இளமையில் கோவையில் ஓர் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தார். பின்னர் பருத்தி வியாபாரத்தில் ஈடுபட்டு, பம்பாய்வரை சென்று, பொருளை இழந்து ஊர் திரும்பினார். அவர் 1920-இல் மீண்டும் தொடங்கியது ஒரே ஒரு பேருந்தைக் கொண்டு. பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தாமே ஓட்டினார். பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது அந்த ஒற்றைப் பேருந்துதான்.

யோகத்தில் செய்த முயற்சி அழிவதில்லை என்கிறது கீதை. தொழிலில் போட்ட முதல் அழியலாம். ஆனால் அந்த முதலை இழந்த காலத்தில் ஒருவர் பெற்ற பொறுமை, சிக்கனம், மனிதரை அறியும் திறன் ஆகியவை ஊரடங்கிலும் பூட்டப்படுவதில்லை. இரண்டாம் முறை தொடங்குபவர் அந்த முதலோடுதான் தொடங்குகிறார்.

துடைக்கும் தொழில் தாழ்ந்ததா?

நண்பரின் சிரிப்புக்குப் பெரியபுராணம் விடை தருகிறது. திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார் சமண சமயத்தில் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்ற பெயருடன் பாடலிபுத்திரத்தில், அதாவது இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், தலைமை நிலையில் இருந்தார் என்று சேக்கிழார் கூறுகிறார். சூலை நோய் வந்தபோது அவர் திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரை நாடி வந்தார். அந்த அம்மையாரின் அன்றாடப் பணி என்ன? கோயிலைப் பெருக்குவதும் மெழுகுவதும்தான். தமக்கையைப் பின்தொடர்ந்து கோயிலுக்குள் சென்றவர், பின்னர் புல் செதுக்கும் உழவாரப் படையைக் கையில் ஏந்தி, வாழ்நாள் முழுவதும் கோயில் முற்றங்களைத் தூய்மை செய்தார். அவரே திருநாவுக்கரசர்.

விட்டுவந்த நிலை எது, ஏற்ற வேலை எது என்று உலகம் கணக்கிட்டால் அவர் பெரும் இழப்புக்கு ஆளானவர். ஆனால் அவரைத் தமிழகம் உழவாரத்தோடு சேர்த்தே வணங்குகிறது. திருப்புகலூரில் உழவாரம் செல்லும் இடமெல்லாம் பொன்னும் மணியும் தென்பட்டபோது, அவற்றையும் பருக்கைக் கற்களோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்கிறது புராணம். இல்லறத்தார் பொன்னைக் குளத்தில் எறிய வேண்டியதில்லை. பொன் கண்ணில் பட்டதும் கையிலிருக்கும் வேலையை மறந்துவிடாமல் இருந்தால் போதும்.

கண்ணாடி கற்பிக்கும் பாடம்

கண்ணாடி துடைப்பதற்கும் ஒரு முறை உண்டு. சுள்ளென்ற வெயிலில் துடைத்தால் சோப்பு நீர் உடனே காய்ந்து கோடுகள் விழும். நிழல் விழும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். மேலிருந்து கீழாகத் துடைக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்குப் பின்னும் வைப்பரின் ரப்பர் விளிம்பைத் துணியால் ஒற்ற வேண்டும். இல்லையேல் எடுத்த அழுக்கையே மீண்டும் பூசியதாகும். உப்பு மிகுந்த ஆழ்குழாய் நீரைக் காயவிட்டால் வெண்தடம் படியும். காலமறிதல், ஒழுங்கு, கருவியின் தூய்மை, இடைவிடாத கவனம் ஆகிய இவையெல்லாம் தியானத்திற்கும் வேண்டியவை அல்லவா?

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் துலாதாரர் என்ற காசி வணிகர் வருகிறார். தலையில் பறவைகள் கூடு கட்டும் அளவுக்கு அசையாமல் தவம் செய்த ஜாஜலி முனிவர், தர்மத்தை அறிய அவரிடம் செல்ல நேர்ந்தது. எல்லோருக்கும் ஒரே விதமாக நிற்கும் தராசே துலாதாரரின் தவமாக இருந்தது. நம் இல்லறத்தாரின் தராசு எது? எட்டாத மூலையையும் துடைத்துவிட்டே கூலி கேட்பது. உயரத்தில் கயிற்றில் இறங்கும் இளைஞனுக்குப் பாதுகாப்பு பெல்ட் தராமல் மிச்சம் பிடிக்கும் பணம் எத்தனை கோயில்களுக்குக் கொடுத்தாலும் தூய்மையாகாது. அவனுடைய தாயும் எங்கோ ஒரு வீட்டில் காத்திருக்கிறாள்.

நன்றாகத் துடைத்த கண்ணாடியை எவரும் பார்ப்பதில்லை. அதன் வழியாக வெளியே இருக்கும் வானத்தைப் பார்க்கிறார்கள். துடைத்தவரையும் அவர்கள் நினைப்பதில்லை. தன் பெயரை ஒட்டிவைக்காமல் விலகி நிற்கும் இத்தகைய செயலே கர்மயோகம். உட்புற அழுக்கை வெளியே நின்று எத்தனை தேய்த்தாலும் அது போகாது. உள்ளே வந்துதான் துடைக்க வேண்டும். வேலையை மாற்றுவது வெளிப்புறத்தைத் துடைப்பது. அச்சம், பொறாமை, பெருமை ஆகியவை உட்புறத்தில் இருக்கின்றன. துடைத்த கண்ணாடியில் நாளை மீண்டும் தூசி படியும். அதனால்தான் ஸ்ரீராமகிருஷ்ணரின் குரு தோதாபுரி தமது செம்பை நாள்தோறும் தேய்த்தார். மனத்தையும் அவ்வாறே நாள்தோறும் துலக்க வேண்டும் என்றார்.

ஆகவே நம் இல்லறத்தார் மில்லிலேயே இருந்தாலும் குறைவில்லை. வாளியுடன் மீண்டும் புறப்பட்டாலும் குறைவில்லை. அச்சத்தால் தங்குவதும் ஆத்திரத்தால் புறப்படுவதுமே குறை. தாயின் சொல்லைக் கேட்டு, மனைவியின் கணக்கைத் தீர்த்து, மனத்தைத் தெளிவித்துக்கொண்டு புறப்பட்டால் அவர் தாராளமாகப் புறப்படலாம். எல்லா வேலைகளும் தாவளங்களே. அவற்றின் உள்ளே இருந்து எல்லாவற்றையும் காணும் ஆன்மா ஒன்றே நிலையானது. அதனை மறவாமல் உழைப்பவர் எந்த எல்லையைக் கடந்தாலும் வழி தவறுவதில்லை.