காரணம் கேட்கும் உரிமை

ஒரு குடும்பத்தின் வறுமையை அரசாங்கம் கணினிக் கணக்கால் அளக்கும்போது, கணக்குப் பிழைத்தால் பொறுப்பு யாருடையது? செயற்கை நுண்ணறிவு பற்றிய எந்த அரச கொள்கையும் முதலில் விடை சொல்ல வேண்டிய கேள்வி இது. 2023இல் இலங்கையில் நடைமுறைக்கு வந்த அஸ்வெசும நலன்புரித் திட்டம் இந்தக் கேள்வியை ஊவாவின் தேயிலைத் தோட்டங்கள் வரை கொண்டுவந்தது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் 22 அளவுகோல்கள், அவற்றுக்குப் புள்ளி, புள்ளிக்கேற்ற உதவி. இது தானே கற்றுக்கொள்ளும் இயந்திரமன்று, நிலையான சூத்திரம்தான். ஆயினும் நாளை வரப்போகும் கருவிகளின் அறச்சிக்கல் இதிலேயே தெரிகிறது.

சூத்திரத்துக்குச் சார்பான வாதம் வலுவானது. 1995இல் தொடங்கிய முந்தைய நலன்புரித் திட்டமான சமுர்த்தியில் அரசியல் செல்வாக்கே பெயர்ப்பட்டியலைத் தீர்மானித்தது என்ற முறைப்பாடு நெடுநாள் இருந்தது. தோட்ட மக்களில் பலர் அதற்கு வெளியிலேயே நின்றார்கள். கட்சியும் மொழியும் பாராத கணக்கு அவர்களுக்கு நன்மையாக அமைந்திருக்க வேண்டும்.

ஆனால் சூத்திரத்துக்குத் தெரிவது படிவத்தில் உள்ளது மட்டுமே. பசறையிலோ ஹாலிஎலையிலோ ஒரு லயக் காம்பிராவில் பெற்றோரும், மணமான மகனும், பேரப்பிள்ளைகளும் ஒன்றாக இருப்பார்கள். வீடும் நிலமும் தோட்ட நிர்வாகத்தின் கையில். தனி முகவரி இல்லாததால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்கு வரும். இங்கே எது ஒரு குடும்பம், எது ஒரு வீடு என்பதைப் படிவம் நிரப்புபவர் நின்ற நிலையில் முடிவு செய்கிறார். அந்த முடிவே புள்ளியாகிறது.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசு கண்முன்னே இருக்கிறது. ஈரத்துக்கென்று கூடுதலாகக் கிலோ கழித்தாலோ, அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டாலோ, கணக்கப்பிள்ளையிடம் அங்கேயே நியாயம் கேட்கலாம். புள்ளியை நிறுத்த தராசு எங்கே இருக்கிறதென்று தொழிலாளிக்குத் தெரியாது. அஸ்வெசும முடிவுகளை எதிர்த்து 2023இல் நாடெங்கும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகள் குவிந்தன.

தகுதியற்றவருக்குக் கொடுப்பதும், தகுதியுள்ளவருக்கு மறுப்பதும் சமமான பிழைகள் அல்ல. தவறாகப் போன பணத்தைத் திரும்ப வாங்க வழியுண்டு. பிள்ளை அரைவயிற்றோடு பாடசாலை போன மாதத்தை எந்த நிலுவைத் தொகையும் ஈடுசெய்யாது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுதும் தன்னியக்கமாக எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையை எழுதிவைத்திருக்கிறது. வேறொரு சட்டம் அத்தகைய தீர்மானத்தை அனுமதித்திருந்தால் அதற்கு விலக்கும் தருகிறது. அரச திட்டங்கள் பெரும்பாலும் சட்டத்தின் பெயரால்தான் இயங்குகின்றன. உரிமை அதிகம் தேவைப்படும் இடத்திலேயே இந்த விலக்கு திறந்து கிடப்பது பெருங்குறை.

துல்லியம் மட்டும் போதாது என்பதற்கு 2014 ஒக்டோபர் 29 சாட்சி. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் அந்த இடத்தின் ஆபத்தை எச்சரித்திருந்தது. கணிப்பு சரியாகவே இருந்தது. குடியேற மாற்றுக் காணி தருவது யார் கடமை என்பதுதான் தீராமல் கிடந்தது. இன்று மழைமானியும் உணரியும் எவ்வளவு கூர்மையானாலும், எச்சரிக்கைக்குப் பின் செயற்பட வேண்டியவர் யாரென்று கொள்கையில் எழுதியிருக்க வேண்டும்.

உதவி மறுக்கப்படும்போதும் அப்படியே. காரணத்தைத் தமிழில் எழுதித் தரவும், பதிவைத் திருத்தவும் அதிகாரமுள்ள ஓர் உத்தியோகத்தர் பிரதேச செயலகத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் சம்பளத்தை இழந்து பஸ் ஏற முடியாதவர்களுக்காக அவர் தோட்டத்துக்கே வர வேண்டும். ஏற்கெனவே கிடைத்துவந்த உதவி, மேன்முறையீட்டுக்குப் பதில் வரும்வரை நிறுத்தப்படலாகாது.