ஊரோடு இருந்தவர்

கெட்டிக்காரப் பிள்ளை ஒருவனைப் பார்த்து, "இந்த ஊரில் இருந்துகொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று பெரியவர்கள் கேட்பதைக் காதில் வாங்கும்போதெல்லாம், ஒரு மனிதனுடைய வாழ்க்கையின் விஸ்தீரணம் அவன் வசிக்கும் ஊரின் விஸ்தீரணத்தைப் பொறுத்ததுதானா என்னும் ஐயம் எனக்கு எழுவதுண்டு. அவ்வேளைகளில் என் நினைவுக்கு வருபவர், அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்து ஜாக்சன்வில் என்னும் சிற்றூரில் 1864 முதல் 1897 வரை பல் வைத்தியம் பார்த்து ஜீவனம் நடத்திய கிரீன் வார்டிமன் பிளாக் என்பவர்.

1836-இல் அதே மாநிலத்தில் வின்செஸ்டர் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவருக்குப் பள்ளிப் படிப்பு சொற்பம். பதினேழாம் வயதில் வைத்தியரான தமையனிடம் போய்ச் சேர்ந்து அவருடைய புத்தகங்களைப் படித்தார். பிறகு வேறொரு பல் வைத்தியரிடம் சிறிது காலம் இருந்து கைவேலை கற்றார். 1857-இல் வின்செஸ்டரில் தாமே தொழிலைத் தொடங்கிவிட்டார். உள்நாட்டு யுத்தம் வந்தது. படையில் சேர்ந்து முழங்காலில் காயம் பட்டுத் திரும்பினார். 1863-இல் மனைவி காலமானார். அந்தத் துக்கத்தோடுதான் அவர் மறு ஆண்டு ஜாக்சன்வில்லுக்குக் குடியேறினார். 1865-இல் எலிசபெத் என்பவரை மணந்து குடும்பத்தை மறுபடியும் நிலைநிறுத்திக்கொண்டார்.

மாநகரத்து வைத்தியருக்குக் கிட்டாத ஒரு பாக்கியம் சிற்றூர் வைத்தியருக்கு உண்டு என்று நான் கருதுகிறேன். மாநகரத்தில் ஒருவனுடைய பல்லில் வைத்த அடைப்பு பெயர்ந்து விழுந்தால் அவன் வேறொரு வைத்தியரைத் தேடிப் போய்விடுவான்; முதலில் வைத்தவருக்குத் தம் வேலை பழுதானது தெரியவே தெரியாது. சிற்றூரிலோ, பத்தாண்டுக்கு முன் அடைத்த கடைவாய்ப் பல் அதே மனிதனோடு அதே நாற்காலிக்குத் திரும்பி வருகிறது. அடைத்தவர் அதைத் தம் கண்ணாலேயே பார்த்தாக வேண்டும். வெள்ளியையும் தகரத்தையும் தூளாக்கிப் பாதரசத்தில் குழைத்துச் செய்யும் அடைப்பு, இறுகும்போது சுருங்கினால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழும். அதன் வழியே எச்சில் கசிந்து, மேலே பழுதின்றித் தோன்றும் பல் உள்ளே சொத்தையாகும். இந்தக் கலவையை உபயோகிப்பதே பாவம் என்று சொல்லி, 1840-களில் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கமொன்று தன் உறுப்பினர்களிடம் பிரமாணம் வாங்கியது. பிளாக் அந்த வாதத்தில் கட்சி சேராமல், எந்த விகிதத்தில் உலோகங்களைச் சேர்த்தால் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு பெருகுகிறது என்று நுண்ணிய கருவிகளால் அளக்கத் தலைப்பட்டார். அத்தகைய பொறுமை திரும்பி வந்த பற்களைப் பல்லாண்டுகள் பார்த்த ஒருவருக்கே வாய்க்கும் என்பது என் துணிபு.

இன்னொன்றும் உண்டு. சிலருக்குப் பல் மிருதுவாகவும் சிலருக்குக் கெட்டியாகவும் அமைந்துவிடுகிறது, மிருதுவான பல்தான் சொத்தையாகிறது என்று அக்காலத்து வைத்தியர்கள் ஏறக்குறைய அனைவரும் நம்பினார்கள். பிடுங்கிய பற்களின் அடர்த்தியையும், சுண்ணாம்புச் சத்தையும், எவ்வளவு பாரத்தைத் தாங்குகின்றன என்பதையும் ஒவ்வொன்றாகச் சோதித்து, அந்த வேறுபாட்டுக்கும் சொத்தைக்கும் சம்பந்தமில்லை என்ற முடிவை அவர் 1895-இல் வெளியிட்டார். தம் தொழிலின் ஆஸ்திகளில் ஒன்றாகவே இருந்துவந்த நம்பிக்கையைத் தாமே சோதித்துப் பார்ப்பதற்கு எவ்வளவு மனோதிடம் வேண்டும்! நோயாளியின் மீது பழியைப் போடுவதற்கு, "உன் பல் அப்படிப்பட்டது" என்பதைக் காட்டிலும் வசதியான வாக்கியம் வேறு ஏது?

1897-இல், அறுபது வயது கடந்தபின், சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துப் பல் மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பு அவரைத் தேடி வந்தது. ஊரை விட்டுப் போனதனால் அவர் பெரியவரானாரென்று சொல்ல முடியாது. ஊரில் இருந்தபோதே அவர் ஆகிவிட்டிருந்ததைத்தான் சிகாகோ அழைத்துக்கொண்டது. மகன் கார்ல் மருத்துவராகி ஜாக்சன்வில்லிலேயே தொழில் நடத்தினார். ஆர்தர் என்னும் மகன் தந்தையின் தொழிலையே மேற்கொண்டு, பின்னாளில் அதே கல்லூரிக்குத் தலைவரானார். அதோடு நில்லாமல், பல் வைத்தியப் பத்திரிகைகளில் அதுவரை வெளிவந்த கட்டுரைகளுக்கெல்லாம் அகராதிபோல் ஓர் அட்டவணை தயாரிக்கும் மாபெரும் வேலையில் இறங்கினார். பிறர் எழுதியதைப் பிறர் எளிதில் கண்டெடுக்க வேண்டும் என்பதற்காகத் தன் ஆயுளில் பல ஆண்டுகளைச் செலவிடும் குணம் உபதேசத்தால் வருவதன்று. மாலைப் பொழுதில் தகப்பனார் சோர்ந்து வந்தும் நுண்பெருக்கிக்கு முன்னால் உட்கார்ந்த வீட்டில், பிள்ளைகள் எதைப் பெருமை என்று கொள்வார்கள் என்பதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

முதுமையிலும் பிளாக்கின் ஆராய்ச்சி ஓயவில்லை. கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொழில் தொடங்கிய பிரெடரிக் மெக்கே என்னும் இளைஞர், அவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்களில் மிகப் பலரின் பற்களில் பழுப்புக் கறை படிந்திருப்பதைக் கவனித்து, அதன் காரணத்தை அறியப் பிளாக்கின் உதவியை நாடினார். 1909-இல் எழுபதைத் தாண்டிய முதியவர் நேரில் போய்ப் பார்த்து, 1915-இல் இறக்கும்வரை அந்த ஆராய்ச்சியைக் கைவிடவில்லை. கறை படிந்த அந்தப் பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை என்ற விந்தையும் தெரியவந்தது. குடிநீரில் கலந்திருந்த ஃபுளோரைடுதான் காரணமென்று 1931-இல் நிச்சயமாயிற்று; தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களிடம் நாம் காணும் கறையும் அதனால் வந்ததே. ஆனால் அந்த முடிவுக்குச் சில ஆண்டுகள் முன்னரே, இடாஹோவில் ஓக்லி என்னும் ஊரின் பெற்றோர்கள், தூரத்து வெந்நீர் ஊற்றிலிருந்து ஊருக்குக் குழாய் போட்ட பிறகுதான் தங்கள் குழந்தைகளின் பற்களில் கறை கண்டதென்று மெக்கேயிடம் சொன்னார்கள். அவர்கள் சொல்லை நம்பி, அந்தத் தண்ணீரை விட்டுவிடும்படி அவர் யோசனை கூறினார். ஊரார் வேறு ஊற்றுக்கு மாறினார்கள். சில ஆண்டுகளில், அடுத்து வளர்ந்த குழந்தைகளுக்குப் பல் கறையின்றி முளைத்தது.