கை கழுவச் சொல்லும் முன்

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில், வேலைக்கு வந்தவர்களுக்கென்று வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ஒற்றை அறை வீடுகள் உண்டு. பல குடும்பங்களுக்கு ஒரு குழாய், ஒரு கழிப்பறை. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் முதல் கேள்வி தாயிடம்தான் போகிறது: கை கழுவ வைத்தாயா, தண்ணீரைக் காய்ச்சினாயா? அவளை அப்படிக் கேட்பது நியாயமா?

கேள்வியில் பொய் இல்லை. சோப்புப் போட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். இதை ஏழைத் தாயிடம் சொல்லாமல் விடுவதும் தவறு. அவளால் முடியாது என்று நாமே தீர்மானிப்பது இரக்கமாகத் தெரிந்தாலும் அவமதிப்புத்தான். 1971-ல் வங்கதேச அகதிகள் திரண்ட பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை நோயாளிகளின் உறவினர்களையே புகட்டச் சொன்னார். முப்பது சதவீதத்தை எட்டியிருந்த இறப்பு நான்குக்கும் கீழே வந்தது. அவர் அறிவுரையோடு நிற்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கரைசலைக் குழாய் வைத்த டிரம்களில் நிரப்பிக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார்.

சிப்காட் ஓரத்துத் தாய்க்குக் கைக்கெட்டும் இடத்தில் என்ன இருக்கிறது? பிடித்து வைத்த குடத்துத் தண்ணீரில் சோறு வடிக்க வேண்டும், பாத்திரம் கழுவ வேண்டும், பிள்ளையைக் குளிப்பாட்ட வேண்டும். கை கழுவும் தண்ணீர் கடைசியில்தான் வரும். இத்தனைக்கும் இது தண்ணீர் கொடுக்கும் மாவட்டம். பூண்டி ஏரியும் சோழவரம் ஏரியும் சென்னையின் தாகம் தீர்க்கின்றன. மீஞ்சூர்ப் பக்கத்து நிலத்தடி நீரைப் பல பத்தாண்டுகள் மாநகருக்காக உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பேறின. 2010-ல் காட்டுப்பள்ளியில் தொடங்கிய ஆலை கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது. அந்த நீரும் சென்னைக்கென்றே ஒதுக்கப்பட்டது. எடுத்துக்கொண்டவர்கள் இங்குள்ள தாய்க்குச் சுத்தம் கற்பிப்பது எனக்குக் கூசுகிறது.

வீட்டுக்குள் காட்டும் ஒழுங்குக்கும் எல்லை உண்டு. கென்யாவிலும் ஜிம்பாப்வேயிலும் வீடுவீடாகக் கழிப்பறையும் கை கழுவும் வசதியும் குளோரினும் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் 2018, 2019-ல் வெளியாயின. குழந்தைகளின் வயிற்றுப்போக்கு அங்கே குறையவில்லை. வங்கதேசத்தில் நடந்த அதேபோன்ற ஆய்வில் குறைந்தது. சுற்றுப்புறம் முழுக்க அசுத்தமாக இருக்கையில் ஒரு வீடு மட்டும் எவ்வளவு தற்காத்துக்கொள்ள முடியும்?

சுற்றுப்புறத்துக்குப் பொறுப்பு வேறு சிலருக்கு உண்டு. வெளிமாநிலத் தொழிலாளருக்கு ஒப்பந்தக்காரர் தகுந்த தங்குமிடம் தர வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. வாடகை வாங்குபவருக்கும், அந்த உழைப்பில் ஓடும் ஆலைக்கும், வரி வாங்கும் ஊராட்சிக்கும் அந்தப் பொறுப்பில் பங்கு உண்டு. பள்ளி வயதுப் பிள்ளை பேதியால் சாவது அரிது என்பதால் இவர்களை யாரும் தட்டிக் கேட்பதில்லை. பிள்ளைக்குப் பாடம் போகிறது, தாய்க்குக் கூலி போகிறது.

பிள்ளை ஏன் பள்ளிக்கு வரவில்லை என்று விசாரிக்கப் போகும் சுகாதாரப் பணியாளர் வீட்டு உரிமையாளரிடமும் ஊராட்சியிடமும் முதலில் கேட்கட்டும்: ஒரு குழாயை எத்தனை குடும்பம் பகிர்கிறது, கழிவுத் தொட்டியை எப்போது எடுத்தார்கள், மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போடுகிறார்களா? பதிலை எழுதிக் கையெழுத்தும் வாங்கட்டும். பிறகு தாயிடம் போகட்டும், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தோடும் சோப்போடும்.