வீடு கொடுப்பவரும் குடியிருப்பவரும்



வேதாகமத்தில் வாடகை வீட்டில் குடியிருந்தவர் யார் என்று யாராவது கேட்டால் உங்களால் உடனே மறுமொழி சொல்ல முடியுமா? அவர் புனித சின்னப்பர். அப்போஸ்தலர் பணி நூலின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். கைதியாக உரோமைக்குக் கொண்டுவரப்பட்ட அவர், வாடகைக்கு எடுத்த வீடொன்றில் முழுதாக 2 ஆண்டுகள் தங்கி, தம்மைத் தேடி வந்த யாவருக்கும் இறையரசைப் போதித்தார். கையில் சங்கிலி, வாசலில் காவல் வீரன். அப்படி வந்த அந்நியனுக்கும் உரோமையில் எவரோ ஒருவர் வீடு கொடுத்தார். அவருடைய பெயரை வேதம் எழுதி வைக்கவில்லை. அவர் கொடுத்த கூரையின் கீழ் நடந்த பணியை எழுதி வைத்திருக்கிறது.

இதை இன்று நினைவூட்டக் காரணம் உண்டு. புங்குடுதீவுக் குடும்பங்கள் இன்று இலண்டனிலும் பாரிசிலும் ரொறன்ரோவிலும் சுவிசிலும் பரந்து வாழ்கின்றன. அகதிகளாகப் போய் இறங்கியவர்களில் பலர் இரவு பகல் உழைத்து வீடு வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வீட்டை வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. இது குற்றமன்று, உழைப்பின் பயன். ஆனால், வீடு கேட்டு வருகிறவரிடம் நாம் கேட்கும் முதற்கேள்வி எது? “வேலை செய்யிற ஆளா, சோசல் காசிலை இருக்கிற ஆளா?” இரண்டாவது ஆள் என்றால் கதவு சாத்தப்படுகிறது. இதைப் பற்றித்தான் உங்களோடு பேச விரும்புகிறேன்.

வறியவர் வாடகை கட்டுவதற்கு அரசு உதவும் முறை பல நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து வளர்ந்த திட்டத்தின்படி, குடும்பம் தன் வருமானத்தில் ஏறக்குறைய 30 வீதத்தைக் கட்ட, மிகுதியை வீடமைப்பு அதிகாரசபை நேரே வீட்டுக்காரருக்குச் செலுத்துகிறது. 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இந்த வவுச்சரால் வாழ்கின்றன. பிரான்சிலும் வாடகை உதவியை வீட்டுக்காரரின் கணக்குக்கே அனுப்ப வழியுண்டு. பிரித்தானியாவில் அந்த உதவி, குடும்பத்துக்குக் கிடைக்கும் மாதக் கொடுப்பனவோடு சேர்ந்து வருகிறது.

அந்த நாடுகளின் சட்டங்களும் இந்தக் கதவு சாத்தலைக் கண்டித்துள்ளன. ஒன்ராறியோ மாகாணத்தின் மனித உரிமைச் சட்டம், அரச உதவி பெறுகிறார் என்பதற்காக ஒருவருக்கு வீடு மறுப்பதைத் தடை செய்கிறது. நியூயோர்க் மாநிலம் 2019இல் அவ்வாறே சட்டம் இயற்றியது. இங்கிலாந்தில் 2020 யூலையில், பிள்ளைகளோடு தனித்து வாழ்ந்த ஒரு தாயின் வழக்கில், அரச உதவி பெறுவோருக்கு வீடில்லை என்ற நடைமுறை சட்டவிரோதமான பாகுபாடு என்று யோர்க் நகர நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய நடைமுறை பெண்களையும் வலது குறைந்தோரையுமே அதிகம் தாக்குகிறது என்பது அத்தீர்ப்பின் காரணம்.

ஆனால் கிறிஸ்தவனுக்குச் சட்டத்துக்குப் பயந்து நடப்பது மட்டும் போதுமா? சட்டத்துக்குப் பயந்தவன் வேறொரு சாட்டுச் சொல்லித் தப்பிவிடுவான். “வீடு போயிற்று, வேறு ஆக்கள் பேசிவிட்டார்கள்” என்பான். மனச்சாட்சிக்கு அப்படிச் சாட்டுச் சொல்ல முடியாது.

வீட்டுக்காரரின் கவலைகளையும் நாம் தள்ளிவிடலாகாது. அவருக்கு வங்கிக் கடன் உண்டு. மாதம் பிறந்தால் தவணை கட்டவேண்டும். பிரித்தானியாவில் புதிதாக விண்ணப்பித்தவருக்கு முதற்கொடுப்பனவு வர ஏறக்குறைய 5 வாரம் செல்லும். கிடைக்கும் உதவி முழு வாடகைக்கும் போதாமல் இருப்பதும் உண்டு. இவை நியாயமான கவலைகள். ஆனால் அவற்றுக்கு வழியும் உண்டு. வாடகை நிலுவை 2 மாதத்தை எட்டினால், வாடகைப் பங்கைத் தமக்கே அனுப்பும்படி வீட்டுக்காரர் அங்கே கேட்கலாம். வருகிறவர் முன்பிருந்த வீட்டில் எப்படி நடந்தார் என்று விசாரிக்கலாம். கணக்கை எழுத்தில் வைக்கலாம். ஒருவருடைய நடத்தையைப் பார்த்து முடிவு செய்வது விவேகம். அவருடைய காசு எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் பார்த்து, முகத்தையும் பாராமல் திருப்பி அனுப்புவது வேறு காரியம்.

அந்த வேறு காரியத்தைப் புனித யாகப்பர் நன்றாக அறிந்திருந்தார். பொன் மோதிரத்தோடு வருகிறவனுக்கு நல்ல ஆசனமும், கந்தை உடுத்து வருகிறவனுக்குத் தரையும் காட்டும் சபையை அவர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் கடிந்துகொள்கிறார். சம்பளச் சீட்டு இன்றைய பொன் மோதிரம் அல்லவா?

உடைமை நமக்குரியதே. 1891இல் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் அந்த உரிமையைத் தமது சுற்றுமடலில் உறுதியாகக் காத்தார். ஆயினும், நிலம் தமக்கே சொந்தம், மனிதர் அதில் தங்கிச் செல்வோர் மட்டுமே என்று லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் நினைவுபடுத்துகிறார். உறுதி யார் பெயரில் இருந்தாலும் அவர் முன்னிலையில் நாம் எல்லாரும் குடியிருப்பவர்களே.

புங்குடுதீவு மக்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுகளை விட்டு வெளியேறிய சனம் குடாநாட்டில் எங்கே படுத்தது? உறவினரின் விறாந்தையில், பாடசாலையில், கோயில் மண்டபத்தில், முன்பின் அறியாதவர் வளவில். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது தென்மராட்சியில் ஒரு வீட்டுக்குள் பல குடும்பங்கள் முடங்கின. அன்று நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற நம்மிடம், “உழைக்கிற ஆளா?” என்று கேட்டிருந்தால் எத்தனை கதவு திறந்திருக்கும்? வெளிநாடு போன பின்பும் முதல் மாதங்களில் பலருக்குச் சோறு போட்டது அந்தச் சோசல் காசுதான். அதை வாங்கினோம், அதற்காக நாம் இழிந்தவர்கள் ஆகிவிடவில்லை.

ஊரில் இருப்பவர்களும் இது பிற நாட்டுக் கதை என்று இருந்துவிட வேண்டாம். 2023இல் தொடங்கிய அஸ்வெசும உதவியில் சீவிக்கும் ஒரு விதவை யாழ்ப்பாணத்திலோ வேலணையிலோ ஓர் அறை கேட்டு வந்தால் நாம் என்ன சொல்வோம்? புங்குடுதீவிலே கூரையைத் துளைத்து மரம் வளர்ந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஆளில்லாத வீட்டைக் கறையான் தின்னும். நல்ல குடும்பம் ஒன்று அதில் அடுப்பு மூட்டினால் கிணறும் இறைபடும், வேலியும் நிற்கும்.

ஆகவே, அன்பான வாசகர்களே, மூன்று காரியங்களை உங்கள் குடும்பத்தில் பேசித் தீருங்கள். முதலாவது, விளம்பரத்திலும் வாயாலும், “உதவிக் காசுக்காரர் வேண்டாம்” என்ற சொல்லை நீக்குங்கள். இரண்டாவது, வருகிறவரை வீட்டுக்குள் அழைத்து, இருத்தி, அவர் பேச்சைக் கேட்ட பின்பே முடிவு சொல்லுங்கள். மூன்றாவது, கொடுப்பனவு வரத் தாமதித்தால் அந்தச் சில வாரங்களை உங்கள் தர்மமாக எண்ணிப் பொறுத்திருங்கள்.

பெத்லகேமில் விடுதிக்காரர் எவரும் பொல்லாதவர் என்று நற்செய்தி சொல்லவில்லை. இடமில்லை என்று மட்டுமே சொல்கிறது. சூசையப்பர் கன்னிமரியாளோடு நம் படலையைத் தட்டும் நாளில் நம்மிடம் இடம் இருக்கும்படி, இன்று தட்டுகிற ஏழைக்கு அதைத் திறந்து வைப்போமாக.