ஒரு சுடரும் நான்கு காட்சிகளும்

கண்ணோய் உற்றானுக்கு வானில் நிலா இரண்டாகத் தோன்றும். பொய்க்காட்சிக்கு இந்திய அளவையியலாளர் காட்டும் பழைய எடுத்துக்காட்டுகளுள் இஃதொன்று. நிலா ஒன்றே; இரண்டெனக் காட்டுவது கண்ணின் குற்றம்; குற்றம் நீங்கின் திரிவும் நீங்கும். பொருள் ஒன்றாயிருக்கக் காட்சி பலவாகுமெனில், அவற்றுள் ஒன்றே மெய், ஏனையவை பொய் என்னும் முடிபு நம் சிந்தனையில் ஊறிப்போன ஒன்று. சான்றுரைப்போர் இருவர் முரண்படும்போது அவருள் ஒருவரைப் பொய்யரெனத் துணிவதும் இம்முடிபின் வழிப்பட்டதே. இத்துணிவு எவ்வளவு தக்கது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

சிறுசிங்கம் என்னும் உடுத்தொகுதியின் திசையில் நான்கு குவேசார்கள் அருகருகே ஒளிர்வதை 2003ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர் நவோஹிசா இனாடாவும் அவர்தம் குழுவினரும் அறிவித்தனர். குவேசார் என்பது தொலைதூரக் கலக்சியொன்றின் நடுவே, பெருங் கருந்துளையை நோக்கி வீழும் பொருள் வெப்பமுற்று வீசும் பேரொளி. உண்மையில் அங்கே இருப்பது ஒரே குவேசார். அதன் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள் ஆகின்றன. வழியில் கலக்சிக் கொத்தொன்று நிற்கிறது. அக்கொத்தின் நிறை வெளியை வளைக்க, ஒளி நான்கு வழிகளாகத் திரும்பி வருகிறது. மங்கலான ஐந்தாவது காட்சியொன்றும் பின்னர் அறியப்பட்டது. ஒரு விண்மீன் மற்றொன்றின் ஒளியை இவ்வாறு வளைப்பதைக் காணும் வாய்ப்பில்லை என்று 1936இல் ஐன்ஸ்ரைன் எழுதினார். கலக்சிகள் அதனைச் செய்யவல்லவை என்று மறு ஆண்டே சுவிக்கி கூறினார். 1979இல் இரட்டைக் குவேசார் ஒன்று கண்டறியப்பட்டபோது அவர் சொல் மெய்யாயிற்று. எனினும், ஒரு கொத்தே வில்லையாய் நின்று குவேசாரைப் பலவாக்குவது 2003இலேதான் முதன்முதல் காணப்பட்டது.

வியப்பு எண்ணிக்கையில் இல்லை, காலத்தில் இருக்கிறது. குவேசாரின் ஒளி கூடியும் குறைந்தும் மாறுவது. நான்கு வழிகளும் நீளத்தில் ஒத்தனவல்ல. ஈர்ப்பினால் நேரும் தாமதமும் வழிக்கு வழி வேறுபடும். பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நோக்கியோர் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, முதற்காட்சியில் தெரிந்த மாற்றம் இரண்டாவதில் ஏறத்தாழ 782 நாட்களின் பின்னும், மூன்றாவதில் 825 நாட்களின் பின்னும், நான்காவதில் 2,458 நாட்களின் பின்னும் தெரிகிறது. ஒன்று 'ஒளி ஓங்கிற்று' என்று சொல்லும்போது மற்றொன்று 'இன்னும் மங்கலே' என்கிறது. இரண்டும் பொய்யல்ல. இங்கே நோயுற்ற கண் எதுவுமில்லை. வழி வேறு; ஆகவே வரவு வேறு.

அவ்வாறாயின் எவர் எதைச் சொன்னாலும் அவரவர் வழியில் உண்மை என்று விட்டுவிடலாமா? கூடாது. அருகருகே தோன்றும் இரு குவேசார்கள் உண்மையிலேயே இரண்டாக இருத்தலும் உண்டு. அத்தகைய சோடிகள் பல ஆராய்ந்து ஒதுக்கப்பட்டுள்ளன. நிறமாலையைப் பிரித்து, அதன் கோடுகள் ஒரே செம்பெயர்ச்சியைக் காட்டுகின்றனவா என்று பார்த்த பின்னரே மூலம் ஒன்றெனத் துணிகின்றனர். அதன்பின் வேறுபாடே அளவுகோலாகிறது. காட்சிகளின் இடங்களும் தாமதங்களும் ஒவ்வாமையிலிருந்தே இடைநின்ற கொத்தின் நிறையைக் கணிக்கின்றனர். அந்நிறையின் பெரும்பகுதி எவ்வொளியும் வீசாத கரும்பொருள்.

இவ்வாராய்ச்சியைப் படித்தபோது எனக்கு வானம் நினைவுக்கு வரவில்லை. என் ஊர் பலாபத்வலவே நினைவுக்கு வந்தது. மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்லும் வீதியில், அலுவிகாரையைத் தாண்டியதும் வருவது அவ்வூர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கிற்று. அவருள் என் பாட்டனாரும் சித்தப்பாவும் அடங்கினர். தலைமன்னாரில் கப்பலேறிச் சென்றனர். அத்தை இங்கேயே தங்கினார். பாட்டனார் விரும்பாதிருக்கவே சித்தப்பா அவரை இழுத்துச் சென்றார் என்பது அத்தையின் கூற்று. அவரே விரும்பிப் புறப்பட்டார், இழுபட்டவன் நானே என்பது நீலகிரியிலிருந்து சித்தப்பா எழுதியது. நான் அத்தையின் மடியில் வளர்ந்தவன். சித்தப்பாவைப் பொய்யரென்று துணிந்தேன்; அவர் கடிதங்களுக்கு விடை எழுதுவதையும் நிறுத்தினேன்.

இன்று இரு கூற்றையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்கிறேன். புறப்பட்ட காலையில் பாட்டனார் குத்துவிளக்கைப் பக்கத்து லயத்தாரின் கையிற் கொடுத்தார். எவரோடும் ஒரு சொல்லும் பேசவில்லை. இவை இருவர் கூற்றிலும் ஒன்றாகவே உள்ளன. அம்மௌனத்தை அத்தை துயரென்று கொண்டார். சித்தப்பா உறுதியென்று கொண்டார். அத்தையின் கூற்று, தந்தை விட்டுச்சென்ற அறையில் அவரில்லாது கழிந்த ஆண்டுகளினூடே வந்தது. சித்தப்பாவின் கூற்று, அவரைப் புதுமண்ணில் அடக்கஞ்செய்து, அழைத்து வந்தது சரியே என்று தமக்குத்தாமே நாளும் சொல்லவேண்டியிருந்த ஆண்டுகளினூடே வந்தது. அந்த இடைப்பாரத்தை நான் ஒருபொழுதும் எண்ணிப் பார்த்ததில்லை.

ஆயினும் விண்ணப்பத்தில் முதலில் ஒப்பமிட்டவர் தந்தையா மகனா என்ற வினாவுக்கு இரு விடைகள் இருத்தல் இயலாது. அதில் இருவருள் ஒருவர் பிழைபட்டவரே; வில்லை அதனைத் தீர்த்துவைக்காது. அத்தை மறைந்துவிட்டார். சித்தப்பாவுக்கு இப்போது எண்பதைக் கடந்த அகவை. அவ்வினாவை முதல் வரியாக வைத்துத் தொடங்கிய கடிதத்தைக் கிழித்துவிட்டு, அந்தக் குத்துவிளக்கு இன்னும் பலாபத்வலவிலேயே இருக்கிறதென்று வேறொன்று எழுதத் தொடங்கியிருக்கிறேன்.