எனதென்னுந் தாவணி



மதுரை மாட்டுத்தாவணி இன்று பேருந்துகள் வந்து மீளும் நிலையமாக எல்லாரானும் அறியப்படுவது. மாடுகளை நிரலே பிணிக்கும் நெடுங்கயிற்றிற்குத் தாவணி என்பது பெயர். பசுவைப் பாசம் பிணிக்கும் முறைமையைப் பேசுதற்கு இதனினும் பொருந்திய இடம் யாண்டுளது? அண்மையில் அவ்விடத்தே யாம் உரையாற்றியபோது மருத்துவம் பயிலும் இளைஞர் ஒருவர் எழுந்து, "ஐயா, 'எனது உடல்' என்று வேறுபடுத்துக் கூறுதலான் உடலின் வேறாய் ஆன்மா உண்டு என்கின்றீர்கள். 'எனது' என்னும் உணர்வையே மூளை ஆக்குகின்றதாயின் அவ்வேது நிற்குமோ?" என வினவினார். வினா நன்று. அன்று சுருங்கக் கூறிய விடையை ஈண்டுச் சிறிது விரிக்கின்றோம்.

அவ்விளைஞர் கருத்திற்கொண்டவர் விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன் என்னும் மூளைநூற் புலவர். இவர் 1951-ஆம் ஆண்டு தமிழ்நாட்டிற் பிறந்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்றார். கேம்பிரிட்ஜ் டிரினிடி கல்லூரியில் 1978-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கநாட்டுக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோப் பகுதியிற் பேராசிரியரானார். 2007-இல் நம் அரசினர் பத்மபூஷண் விருதளித்தனர். முதலிற் கட்புலனை ஆராய்ந்த இவர், 1990-க்குப் பின் கையிழந்தார் படும் துன்பத்தை ஆராயப் புகுந்தார்.

கை அற்றுப்போன பின்னும் அக்கை இருப்பதாகவும், இறுக மூடி நோவதாகவும் பலர்க்குத் தோன்றும். பஞ்சு சுற்றிய குச்சியால் அத்தகையார் ஒருவரது கன்னத்தைத் தொட, இல்லாத கையிலும் அவர் தொடுகை உணர்ந்தார். மூளையில் கைக்குரிய இடமும் முகத்திற்குரிய இடமும் அடுத்திருத்தலே அதற்குக் காரணமென அவர் விளக்கினார். ஒரு கண்ணாடியை நடுவே நிறுத்தி, உள்ள கையின் நிழல் இல்லாத கையின் இடத்தே தோன்றச் செய்தார். உள்ள கையை விரிப்ப, இல்லாத கையும் விரிந்ததுபோன்று சிலர்க்கு நோவு தணிந்தது.

ஈண்டு நம் கொள்கை யாது? 'எனது' என்னும் முனைப்பு அகங்காரத்தின் தொழில். அகங்காரமோ அந்தக்கரணங்களுள் ஒன்று. மாயையின் காரியமாகிய சடம். கருவி பழுதுறின் அதன் தொழிலும் பழுதுறுதல் இயல்பே. ஆகவே அவ்வேது 'எனது' என்னுஞ் சொல்லளவில் நிற்பதன்று. அறியப்படுவதின் வேறு அறிவது என்னும் பொருளிலே நிற்பது. கை இல்லையென அறிந்துகொண்டே, "என் கை நோகின்றது" என்கின்றான் அந்நோயாளன். தன் உணர்வு பிழைபட்டதென அறிவது எது?

அதுவும் மூளையின் பிறிதொரு தொழிலே எனின், அம்மறுப்பை யாம் எளிதிற் புறந்தள்ளோம். இராமச்சந்திரன் தாமும் தன்னுணர்வை மூளையின் தொழிலாகவே விளக்க முயல்பவர். அவரை நம் கட்சிக்குச் சான்றாக இழுத்தல் நேர்மையன்று. கருவியின் இலக்கணம் எத்துணை நுணுகினும் கருவியைக் கொண்டு அறிபவன் யார் என்னும் வினா எஞ்சுகின்றது என்பதே யாம் கூறுவது.

இனி, அவர் ஆராய்ந்தவற்றுள் நம் வாழ்விற்கு உரியன இரண்டு. மூளை ஊறுபட்ட ஒருவர் தம் பெற்றோரைக் கண்டு, உருவம் ஒப்பினும் இவர் வேற்றாள் என்றார். தொலைபேசியிற் குரல் கேட்டபோதோ பெற்றோரெனத் தெளிந்தார். காட்சிக்கும் அன்புணர்ச்சிக்கும் இடைப்பட்ட வழி அறுந்ததே காரணமென்பது அவர் கருத்து. கண்ட அளவில் உறவு விளங்காது. அன்பும் உடன்சேரல் வேண்டும்.

மற்றொன்று: பிறர் கை வருடப்படுதலைக் கண்ட கையிழந்தார் சிலர், தம் இல்லாத கையில் அவ்வருடலை உணர்ந்தனர். இது 2009-இல் வெளிவந்தது. பிறர் செயலைக் காணுங்கால் தன் செயல்போல் எழும் சில நரம்பணுக்களே இதற்கு அடிப்படையென்றும், தோலினின்று வரும் மறுப்புச் செய்தியே அதனைத் தடுக்கின்றதென்றும் அவர் உரைத்தார். அவ்வணுக்களுக்கு அவர் கொடுத்த பெருமை மிகையென மறுப்பாரும் உளர். ஆயினும் பிறர் நோவிற்கும் நமக்கும் இடையே நிற்கும் வேலி எத்துணை மெல்லிது என்பதை எண்ணுமின்!

இல்லாத கையை 'எனது' என்று பற்றி வருந்துகின்றோம். எதிரே கிடக்கும் உயிரை 'பிறிது' என்று கடக்கின்றோம். இரண்டும் ஒரு கயிற்றின் இரு முனைகளே. நள்ளிரவில் அந்நிலையத்துத் தரையில் மூட்டையே தலையணையாகக் கிடப்பாரை யாமும் பன்முறை கடந்து சென்றுள்ளோம். ஆன்மா உண்டென நாவால் நிறுவுதல் எளிது. அவ்வுயிரின் நோவு நம்மைத் தொடும்படி நிற்றலே அரிது. அந்நோவு தொடுங்கால் தாவணி நெகிழத் தொடங்கிற்று என்க.

திருச்சிற்றம்பலம்.